பிரெஞ்சுக்காரர்களின் சாப்பாட்டு மேசை சொல்லும் எடைக் கணக்கு

உடல் எடை பற்றித் தொலைக்காட்சியில் கருத்தரங்கு நடக்கும்போதெல்லாம் பார்வையாளர் பக்கமிருந்து ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. “வெண்ணெய், பாலாடைக்கட்டி, ரொட்டி, இனிப்பு என எதையும் ஒதுக்காத பிரெஞ்சுக்காரர்கள் எப்படி எடை போடாமல் இருக்கிறார்கள்? சோற்றைப் பாதியாகக் குறைத்தும் எங்களுக்கு ஏன் குறைய மாட்டேன் என்கிறது?”

கேட்பவர் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த குடும்பத் தலைவி. இரண்டு மூன்று உணவுக் கட்டுப்பாட்டு முறைகளை முயன்று பார்த்தவர். ஒவ்வொரு முறையும் சில கிலோ குறைந்து, பிறகு குறைந்ததற்கு மேலேயே ஏறிய அனுபவம் அவருக்கு உண்டு. ஆகவே, அவரது கேள்வியில் ஆர்வத்தோடு கொஞ்சம் ஆதங்கமும் கலந்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. ஆனால், பலரும் எதிர்பார்ப்பதுபோல் அது ஏதோ ஒரு பிரெஞ்சு உணவுப் பொருளில் ஒளிந்திருக்கவில்லை.

புதிர் பிறந்த கதை

1991-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் ‘பிரெஞ்சுப் புதிர்’ பற்றி ஒளிபரப்பியது. கொழுப்பு மிகுந்த உணவைச் சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களிடையே இருதய நோய் மரணங்கள் குறைவாக இருப்பதேன் என்பதே அந்தப் புதிர். பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ, சிவப்புத் திராட்சை மதுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்றார். அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் அந்த மதுவின் விற்பனை மளமளவென்று உயர்ந்தது.

அந்த விளக்கம் காலப்போக்கில் வலுவிழந்தது. விலங்குக் கொழுப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் உண்ணத் தொடங்கியதே மற்ற நாட்டினருக்குப் பல ஆண்டுகள் பிந்தித்தான். அதன் விளைவும் பிந்தியே தெரியும் என்று 1999-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என அறிவித்தது. ஆகவே, பிரெஞ்சுப் பழக்கத்தைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் தள்ளி வைக்க வேண்டியது மதுவைத்தான்.

இருதய நோய் பற்றிய இந்தப் பேச்சை உடல் எடைப் பக்கம் திருப்பிவிட்டது ஒரு புத்தகம். ‘பிரெஞ்சுப் பெண்கள் பருமனாவதில்லை’ என்ற பொருள்படும் தலைப்பில் மிரேய் கிலியானோ எழுதிய அந்த நூல் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. மாணவப் பருவத்தில் அமெரிக்கா சென்று எடை கூடித் திரும்பிய கதையை அதில் அவர் சொல்கிறார். குடும்ப மருத்துவர் அவருக்கு முதலில் கொடுத்தது மருந்தல்ல. மூன்று வாரங்களுக்குச் சாப்பிடுவதை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரும் வேலை. எங்கே மிகுதியாகிறது என்பதை அவரே கண்டுகொள்ள வேண்டும் என்பது நோக்கம். நூல் ஒருவரது சொந்த அனுபவம்தான், ஆய்வு அல்ல. இருந்தாலும், அதில் உள்ள சில கருத்துகளை ஆய்வுகள் தனியே உறுதிப்படுத்தியுள்ளன.

தட்டின் அளவு

அத்தகைய ஆய்வுகளில் ஒன்று 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உளவியல் அறிஞர் பால் ரோசினும் அவர் குழுவினரும் பாரிஸ் நகரையும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரையும் ஒப்பிட்டனர். ஒரே வகையான உணவகங்களில் ஒருவருக்குப் பரிமாறப்படும் உணவைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தனர்.

பாரிஸில் சராசரி 277 கிராம். ஃபிலடெல்ஃபியாவில் 346 கிராம். அதாவது, அமெரிக்கத் தட்டில் 25 விழுக்காடு கூடுதல். பேரங்காடிகளில் ஒருவர் சாப்பிடும் அளவாக விற்கப்பட்ட தயிர்க் கிண்ணம் பிரான்சில் 125 கிராம் என்றால் அமெரிக்காவில் 227 கிராம். குளிர்பானமும் சாக்லெட்டும் அப்படியே.

இன்னொன்றையும் அவர்கள் கடிகாரத்தை வைத்துக் கவனித்தனர். இரு நகரங்களிலும் உள்ள மெக்டோனல்ட்ஸ் விரைவு உணவகத்தில் பாரிஸ்காரர் சராசரியாக 22 நிமிடங்கள் உட்கார்ந்து சாப்பிட்டார். அமெரிக்கர் 14 நிமிடங்களில் முடித்துக்கொண்டார். குறைவான உணவு, கூடுதல் நேரம்: பிரெஞ்சு முறையின் சாரம் இந்த இரண்டில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

ஒரு மணி அடித்தால் பாதி நாடு மேசையில்

பிரான்சின் தேசியப் புள்ளிவிவரக் கழகம் 2010-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்தபோது, பகல் ஒரு மணிக்கு மக்களில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஒரு நாளில் அவர்கள் சாப்பாட்டுக்குச் செலவிடும் மொத்த நேரம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்கர்களோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல்லா வேளையையும் முடித்துவிடுகிறார்கள்.

வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிடுவதைப் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. கிருமித்தொற்றுக் காலத்தில், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியபோது அதுவே உலகச் செய்தியானது. மேசையில் கணினி ஒருபுறம், உணவுப் பொட்டலம் மறுபுறம் என்று வாழ்பவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே வியப்பு.

காலையில் ரொட்டித் துண்டும் காப்பியும். நண்பகலில் நிறைவான உணவு. மாலை நான்கு மணி அளவில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் ‘கூத்தே’ எனப்படும் சிற்றுணவு. பிறகு இரவு உணவு. இடையில் கொறிப்பதை நல்ல பழக்கமாகப் பெரியவர்கள் கருதுவதில்லை. பல உணவகங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும்; மீண்டும் இரவு உணவுக்குத்தான் மூட்டுவார்கள். பசித்தாலும் அடுத்த வேளை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

விருந்தென்று வந்தால் அவர்கள் பின்வாங்குவதில்லை. முதல் உணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, பாலாடைக்கட்டி, இனிப்பு என்று குறைந்தது நான்கு சுற்றுகள் வரும் பிரெஞ்சு விருந்தை யுனெஸ்கோ 2010-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. ஆனால், அது நல்ல நாளுக்குரிய சாப்பாடு. அன்றாடத்துக்கும் விருந்துக்கும் இடையே அவர்கள் வைத்திருக்கும் வேறுபாடு கவனிக்கத்தக்கது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

வயிறு நிறைந்ததை மூளை உடனே அறிவதில்லை. இரைப்பை விரிவதும், உணவு குடலை எட்டியதும் சுரக்கும் சில இயக்குநீர்களும் ‘போதும்’ என்ற செய்தியைக் கொண்டு செல்கின்றன. அந்தச் செய்தி போய்ச் சேரச் சுமார் 20 நிமிடங்கள் ஆகலாம் என்பது பொதுவான கணக்கு. பத்து நிமிடங்களில் சாப்பிட்டு முடிப்பவர், செய்தி வருவதற்கு முன்பே இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டுவிடுகிறார்.

சூப்பில் தொடங்குவதிலும் ஒரு பயன் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் கொழுப்புக் குறைந்த காய்கறி சூப் அருந்தியவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் 20 விழுக்காடு குறைவான கலோரிகளையே உட்கொண்டனர். யாரும் அவர்களைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை.

சமைத்த உணவுக்கும் தொழிற்சாலை உணவுக்கும் உள்ள வேறுபாடும் முக்கியமானது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் நடத்திய ஆய்வு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 20 பேர் இரண்டு வாரம் மிகுதியாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவு சாப்பிட்டனர். சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்திருக்கும்படி உணவு வழங்கப்பட்டது. ஆனாலும், பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரிகள் கூடுதலாக, அதுவும் வேகமாகச் சாப்பிட்டனர். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது. மற்ற உணவில் அதே அளவு குறைந்தது.

பள்ளியிலேயே தொடங்கும் பழக்கம்

இந்தப் பழக்கங்கள் பிரெஞ்சுக்காரர்களின் இரத்தத்தில் ஊறியவை என்று எண்ணிவிடக் கூடாது. அவை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்படுகின்றன. அரசாங்கமும் துணை நிற்கிறது.

2005-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் பள்ளிகளில் தின்பண்ட, குளிர்பான விற்பனை இயந்திரங்களுக்குத் தடை. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மதிய உணவு நான்கு அல்லது ஐந்து பகுதிகளைக் கொண்டிருக்க வேண்டும். தண்ணீரும் ரொட்டியும் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். உப்பும் தக்காளிச் சாறும் அப்படி எடுக்க முடியாது. 2012-ஆம் ஆண்டில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. 2017-ஆம் ஆண்டில், உணவகங்களில் அத்தகைய பானங்களை இலவசமாக எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் முறை தடை செய்யப்பட்டது.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவு இருந்தும், பிரெஞ்சுப் பெண்கள் பருமனாவதில்லை என்பது உண்மையல்ல. 1997-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பெரியவர்களில் 8.5 விழுக்காட்டினர் உடல் பருமன் உள்ளவர்களாக இருந்தனர். 2012-ல் அது 15 விழுக்காடு ஆனது. 2020-ல் 17 விழுக்காடு. மிகை எடை உள்ளவர்களையும் சேர்த்தால் ஏறக்குறையப் பாதிப் பேர். அமெரிக்காவின் பருமன் விகிதம் 40 விழுக்காட்டைத் தாண்டியது என்பதோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனாலும் ஏறுமுகம் ஏறுமுகமே.

இத்தனைக்கும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் முன்பும் அவர்கள் மேசையில் இருந்தவைதான். விரைவு உணவகங்கள் பெருகின. மெக்டோனல்ட்ஸுக்கு மட்டுமே பிரான்சில் 1,500-க்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. இடைத்தீனி பரவியது, திரைமுன் அமர்ந்து சாப்பிடுவது கூடியது. வேளைக்கும் அளவுக்கும் போட்டிருந்த வேலி தளர்ந்தபோது எடையும் ஏறியது. வசதி குறைந்த குடும்பங்களும், பாரிஸ் வட்டாரத்தைக் காட்டிலும் நாட்டின் வட பகுதியும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. அற்புத உணவு ஏதேனும் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது.

இன்னொரு கசப்பும் உண்டு. மெலிவே அழகு என்ற நெருக்கடி அங்கே கடுமையானது. அளவுக்கு மீறி மெலிந்த விளம்பர அழகிகளால் இளம்பெண்கள் உணவையே வெறுக்கும் நிலை உருவாவதைத் தடுக்க, மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் அழகிகளைப் பணியில் அமர்த்தக் கூடாது என்ற விதி 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இளம்பிள்ளைகள் உள்ள வீட்டில் எடையைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

இங்கே முயன்று பார்க்க விரும்பினால்...

மலேசியச் சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு ஆபத்து தொடங்கிவிடுவதால், உடல் எடைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது.

பாலாடைக்கட்டியும் பிரெஞ்சு ரொட்டியும் வாங்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலையே வைத்துக்கொண்டு சிலவற்றை மாற்றலாம்.

முதலாவது, வேளை. பசியாறை, மதிய உணவு, இரவு உணவு, தேவையானால் மாலையில் ஒரு சிற்றுணவு. அதற்கு அப்பால் வருவதெல்லாம் கணக்கில் வராத சாப்பாடு. அலுவலகத்தில் யாரோ கொண்டுவந்த பலகாரம், தொலைக்காட்சி முன் முறுக்கு, இரவு பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் ஆகியவை இதில் சேரும். இரவுப் பணியில் இருப்பவர் கடிகார நேரத்தைப் பின்பற்ற முடியாது. ஆனால் தமக்கென்று மூன்று வேளைகளை வரையறுத்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது, அளவு. சோற்றுப் பானை அடுப்படியிலேயே இருக்கட்டும். தட்டு மட்டும் மேசைக்கு வரட்டும். மலேசியாவின் ‘சுக்கு சுக்கு செப்பாரு’ முறைப்படி தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப்பங்கு காய்கறி, பழம். விருந்தினரிடம் “இன்னும் கொஞ்சம்” என்று மூன்று முறை வற்புறுத்துவது பாசத்தின் அடையாளம்தான். நீரிழிவு உள்ளவரிடம் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வதும் பாசமே.

மூன்றாவது, தொடக்கம். சாப்பாட்டின் நடுவில் வரும் இரசத்தை ஒரு கிண்ணம் முதலில் அருந்தலாம். தேங்காய்ப்பால் சேர்க்காத காய்கறி சூப்பும் ஆகும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பானம். பிரெஞ்சுப் பிள்ளைகள் சாப்பாட்டோடு அருந்துவது தண்ணீர். கெட்டிப்பால் கலந்த தே தாரிக், மைலோ, பொட்டலப் பானங்கள் ஆகியவற்றைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் விட்டாலே கணிசமான சீனி குறையும்.

ஐந்தாவது, குறிப்பேடு. மூன்று வாரங்களுக்கு வாயில் போட்டது அனைத்தையும் எழுதி வரலாம். எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். எங்கே குறைப்பது என்பதை அந்தக் குறிப்பேடே காட்டிவிடும்.

கடைசியில் சாப்பிடும் அம்மா

தமிழர் வீடுகளில் அந்தக் குறிப்பேடு பல நேரங்களில் ஒரே உண்மையைத்தான் காட்டும். குடும்பத் தலைவி காலையில் நின்றபடி காப்பி குடிக்கிறார். சமைக்கும்போது ருசி பார்க்கிறார். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை, வீணாகக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்கிறார். எல்லாரும் எழுந்த பிறகு, ஆறிப்போன சோற்றை அவசரமாகச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவப் போகிறார். கேட்டால், “நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டது கொஞ்சம்தான். உட்காராமல் சாப்பிட்டது அவர் நினைவிலேயே இல்லை.

பிரெஞ்சு மேசையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இவருக்குத்தான். எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும். சமைத்தவரும் உட்கார வேண்டும். 20 நிமிடங்களுக்குத் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓய்வெடுக்கட்டும். இதில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. பரிமாறுவதையும் பாத்திரங்களை எடுத்து வைப்பதையும் பகிர்ந்துகொள்ளாமல் அவரால் உட்கார முடியாது.

எச்சரிக்கையும் எதிர்பார்ப்பும்

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு வேளையை மாற்றவோ குறைக்கவோ கூடாது. இரத்தத்தில் சீனி திடீரென இறங்கிவிடும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் எடை குறைப்பில் தாமாக இறங்கக் கூடாது.

இந்த முறையில் எடை மெதுவாகவே குறையும். ஆனால், கொஞ்சம் குறைந்தாலே பலன் பெரிது. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2002-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், எடையில் 7 விழுக்காடு குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்து கிலோவுக்கும் குறைவு. விளம்பர அழகியைப் போல் மெலிய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மாதத்துக்கு ஒன்று போதும். இன்றிரவு சோறு தயாரானதும், அடுப்படியில் நிற்பவருக்கும் சேர்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவதில் தொடங்கலாம்.